மழை மேகத்தை ஊடுருவும் ராடார் மலையகத்தில் தடுமாறுவது ஏன்?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலுடன் வந்த மழை, வெள்ளம், மண்சரிவுகளால் இலங்கையில் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதிக உயிர்களை இழந்த மாவட்டம் கண்டி. கண்டி நகருக்கு வடகிழக்கே உள்ள மடவளை போன்ற ஊர்களில், சரிவோரம் குடியிருப்போரின் கேள்வி இதுதான்: மலை நகர்வதைச் செய்மதி முன்கூட்டியே காட்டாதா?

செய்மதிப் படம் என்றதும் எமக்கு 2009 இன் வன்னி நினைவுக்கு வரும். அன்று உலகம் பார்த்த படங்கள் பெரும்பாலும் சூரிய ஒளியில் எடுக்கப்பட்டவை. மேகம் மூடினால் அத்தகைய படங்களில் தரை தெரியாது. ராடார் செய்மதியோ தானே நுண்ணலையை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்புவதை அளக்கிறது. இரவிலும் மேகத்தினூடாகவும் அதனால் பார்க்க முடியும். ஐரோப்பாவின் சென்டினல்-1 பயன்படுத்தும் அலையின் நீளம் சுமார் 5.6 சென்ரிமீற்றர். ஒரே இடத்தை இருமுறை அளந்து ஒப்பிட்டால், சில மில்லிமீற்றர் நகர்வைக்கூடக் கண்டறியலாம்.

ஆனால் மழை இந்தக் கணக்கைப் பல வழிகளில் குழப்புகிறது.

முதலாவது, காற்றிலுள்ள நீராவி. அது அலையின் பயணத்தைத் தாமதப்படுத்துகிறது. இரு அளவீடுகளுக்கிடையே ஈரப்பதன் 20 வீதம் மாறினால், கணக்கில் 10 சென்ரிமீற்றர் வரை பிழை ஏற்படலாம். அசையாத மலை அசைந்ததாகத் தெரியும்; உண்மையான நகர்வு மறைந்தும் போகலாம்.

இரண்டாவது, நனைந்த மண். ஈரமண் காய்ந்த மண்ணைவிட அதிக அலையைத் திருப்பி அனுப்புவதால், நேற்றைய மழையே நிலமாற்றம் போலத் தோன்றும்.

மூன்றாவது, தேங்கிய நீர். அமைதியான நீர்ப்பரப்பு அலையை வேறு திசையில் தெறிக்கவிடுவதால் படத்தில் கறுப்பாகும். மலையின் மறைவில் ராடார் எட்டாத பகுதியும் கறுப்புத்தான். மரங்களுக்கடியில் நிற்கும் வெள்ளமோ பிரகாசமாகத் தெரியும். பழக்கமில்லாத கண் ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடும்.

ஆய்வாளர்கள் பல மாதப் படங்களைச் சேர்த்து ஒப்பிடுகிறார்கள். மழையின் தாக்கம் படத்துக்குப் படம் மாறும். மெதுவாக ஊரும் சரிவு ஒரே திசையில் தொடரும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் செய்மதியின் 24 சென்ரிமீற்றர் அலை, இலைகளை ஊடுருவித் தரையை நன்றாகத் தொடக்கூடியது. எனினும் அது ஒரே பாதைக்குத் திரும்ப 12 நாட்கள் எடுக்கும். மண்சரிவுக்கோ சில நிமிடங்கள் போதும்.

எனவே "செய்மதியில் அசைவு இல்லை" என்பது பாதுகாப்புச் சான்றிதழ் அல்ல. மழைமானியின் அளவு, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை, நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று ஆகியவையே அன்றிரவு வெளியேற வேண்டுமா என்பதைச் சொல்லும்.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்த மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுள் புதையுண்டன. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. அங்கிருந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்குப் போக வேறு காணி இருக்கவில்லை. அளவீடு எவ்வளவு திருந்தினாலும், பாதுகாப்பான காணி கொடுக்கும் வேலையை ராடார் செய்யாது. அதை அரசுதான் செய்ய வேண்டும்.