பெயர் தெரியாத அத்திக்கு முதலில் ஒரு போத்து

மயிலாடுதுறைக்காரர்களுக்கு அத்தி ஒன்றும் புதிதில்லை. பக்கத்துக் கோழிகுத்தியில் வானமுட்டிப் பெருமாள் சுமார் 14 அடி உயரத்துக்கு நிற்பதே அத்தி மரத்தில்தான். மரத் திருமேனி என்பதால் தைலக்காப்புதான், அபிஷேகம் கிடையாது. சுக்கிரனுக்கு ஹோமம் என்றால் அத்திச் சமித்து வேண்டும், சுக்கிரன் தலமான கஞ்சனூரும் தூரமில்லை. நாட்டு மருந்துக் கடையில் நாற்பாமரப் பட்டை கேட்டால் ஆல், அரசு, இத்தியோடு அத்தியும் சேர்ந்தே வரும்.

இப்போது வீட்டுக்கு வீடு பேச்சாக இருப்பது வேறு அத்தி. கொல்லையில் கிணற்றடியை ஒட்டி, கைவிரல் விரித்த மாதிரி இலையோடு நிற்கிற சீமை அத்தி. என்ன ரகம் என்று கேட்டால் ஒரு வீட்டில் ‘இஸ்ரேல் அத்தி’ என்பார்கள், இன்னொரு வீட்டில் ‘துருக்கி’. துபாயிலிருந்து மச்சான் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த குச்சி என்பதும் அடிக்கடி காதில் விழும் கதை. (அனுமதியும் தாவர நோய்த் தடுப்புச் சோதனையும் இல்லாமல் வெளிநாட்டிலிருந்து குச்சி கொண்டுவருவது சட்டப்படி தப்பு. புது நோய் அப்படித்தான் ஊருக்குள் நுழையும்.) பெரும்பாலும் நர்சரிக்காரர் சொன்ன பெயர்தான் மரத்தின் பெயர். அவருக்கு அதைச் சொன்னவர் லாரியில் கன்று ஏற்றிவிட்டவர்.

ரகம் கண்டுபிடிக்கும் முன்னால் இனம் சரிதானா என்று பார்த்துவிட வேண்டும். அத்திக் குடும்பத்தில் எதைக் கிள்ளினாலும் பால் வரும், கணுவில் மோதிரம் போட்ட மாதிரி வடு இருக்கும். அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. இலை வழவழப்பாக, ஒன்று மாற்றி ஒன்றாக அமைந்து, அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்த்தால் அது நம் நாட்டு அத்தி. வாய்க்கால் கரையில் நிற்கும் பேயத்திக்கு இலை சொரசொரவென்று எதிரெதிராக இருக்கும், காயிலும் ரோமம் இருக்கும். முறம் அகலத்துக்கு வட்ட இலை என்றால் ‘டிம்லா அத்தி’ என்று நர்சரிகளில் விற்கும் இமயமலைப் பக்கத்து ஆனைக்காது அத்தி. சீமை அத்தி என்று நம்பி அதை நட்டவர்கள் நிறைய. பழம் சாப்பிடலாம், ஆனால் எதிர்பார்த்த பழம் அதுவல்ல.

சீமை அத்திதான் என்று தெரிந்துவிட்டால் அடுத்த கேள்வி, பழுக்கிறதா என்பது. சிலருடைய மரம் கொத்தாகக் காய்விடும், கட்டைவிரல் பருமன் வந்ததும் அத்தனையும் உதிர்ந்துவிடும். உரம் போதவில்லை என்று மூட்டை மூட்டையாகக் கொட்டுவார்கள். அந்த மரம் குச்சியில் வந்ததா, விதையில் வந்ததா என்று விசாரித்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

அத்திக்குப் பூ உண்டு, காய்க்குள்ளேயே பூக்கிறது. உள்ளே நுழைந்து மகரந்தம் சேர்க்க ஒவ்வொரு அத்திக்கும் தனிக் குளவி வேண்டும். நாட்டு அத்திக்கு அந்தக் குளவி நம் ஊரிலேயே இருக்கிறது. ‘அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை’ என்று பாட்டிமார் சொன்னதும் அதைப் பார்த்துத்தான். சீமை அத்தியின் குளவி மத்தியதரைக் கடல் பக்கத்தது, நம் பக்கம் இல்லை. துருக்கியிலிருந்து வரும் உலர் அத்தி அநேகமாக ஸ்மிர்னா வகை. குளவி வந்து போனால்தான் அது பழுக்கும். அமெரிக்காவிலும் இந்தச் சிக்கல் இருந்தது. கலிபோர்னியாக்காரர்கள் ஸ்மிர்னா மரத்தை வைத்துக்கொண்டு பல வருடம் தவித்தார்கள். குளவியைக் கொண்டுவந்து 1899-ல் நிலைக்கவிட்ட பிறகுதான் பழம் பார்த்தார்கள். கடையில் வாங்கிய உலர் அத்தியின் விதை நன்றாகவே முளைக்கும். முளைத்ததில் ஏறக்குறைய பாதி ஆண் மரம். மீதியும் குளவியில்லாமல் காயை உதிர்க்கிற வகையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். எத்தனை மூட்டை உரம் போட்டாலும் அது திருந்தாது.

ஆக, மயிலாடுதுறைக் கொல்லையில் ஒரு சீமை அத்தி பழுத்து இனிக்கிறது என்றால், அது அநேகமாக மகரந்தமே வேண்டாமல் பழுக்கிற சாதாரண வகை. ஸ்மிர்னாவை அப்படியே ஒதுக்கிவிடலாம். ஒரு பைசா செலவில்லாமல் கிடைக்கும் முதல் துப்பு இது.

அதற்கப்புறம்தான் கஷ்டம். ஐரா காண்டிட் என்ற கலிபோர்னியப் பேராசிரியர் உலகத்து அத்தி ரகங்களைத் தொகுத்து 1955-ல் பெரிய ஆய்வேடு வெளியிட்டார். அதைப் புரட்டினால் ரகங்களைவிடப் பெயர்கள் அதிகமோ என்று தோன்றும். ஒரே மரத்துக்கு ஊருக்கு ஒரு பெயர், ஒரே பெயரில் பல மரம். ‘பிரௌன் டர்க்கி’ என்ற பெயரில் மட்டும் வெவ்வேறு மரங்கள் உலகம் முழுக்க விற்பனையாகின்றன. மரபணுச் சோதனை செய்யலாம், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் பெயர் உறுதியான தாய்மரத்தின் பதிவும் வேண்டுமே.

இலையை மட்டும் படம் எடுத்து ரகம் கேட்பதில் பிரயோஜனமில்லை. ஒரே கிளையில் மூன்று மடல் இலையும் ஐந்து மடல் இலையும் இருக்கும், நிழலில் வளர்ந்தது வேறு மாதிரி இருக்கும். பழத்தைத்தான் பார்க்க வேண்டும். தோலின் நிறம், கழுத்து நீளமா குட்டையா, காம்பு, வெட்டினால் சதை தேன் நிறமா சிவப்பா, அடியில் இருக்கிற கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று குறித்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் பரவலாக இருப்பவை சில ரகங்களே. மணி வடிவத்தில் மங்கிய ஊதாத் தோலும் ரோஜா நிறச் சதையுமாக இருந்தால் முதலில் பூனா அத்தியைச் சந்தேகிக்கலாம். புணே அருகே புரந்தரில் விளையும் அத்திக்கு 2016-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பெரிய பழம், பச்சை கலந்த மஞ்சள் தோல் என்றால் டியன்னாவாக இருக்கலாம். கலிபோர்னியாவில் உருவான ரகம் அது.

டெல்டாவில் இருப்பவர்களுக்கு இதில் கண் விஷயம்தான் முக்கியம் என்பது என் அபிப்பிராயம். அத்தி வறண்ட சீமை மரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இலையின் அடியில் துரு மாதிரிப் பொடி படிந்து இலையெல்லாம் கொட்டும். கண் திறந்த பழத்தில் தண்ணீரும் எறும்பும் புகுந்து புளித்துப் போகும். பெயர் தெரியாத ரகமாக இருந்தாலும் கண் மூடிய பழம் என்றால் இந்த ஊருக்கு அது போதும்.

பெயர் கிடைக்கும்வரை தாய்மரம் காத்திருக்குமா என்று யாரும் யோசிப்பதில்லை. கொல்லையில் ஒரு அறை கூடுதலாகக் கட்ட வேண்டுமென்றால் முதலில் போவது மரம்தான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரே இரவில் தோப்புகளே சாய்ந்தன. விதை போட்டு அதே ரகத்தைத் திரும்பப் பெற முடியாது, குச்சியில் வந்தால்தான் தாய் அப்படியே பிள்ளை. யோர்தான் பள்ளத்தாக்கில் கில்கால் என்ற இடத்தில் கிடைத்த கருகிய அத்திப் பழங்கள் 11,000 ஆண்டுக்கும் பழையவை. அவை விதை முளைக்காத வகை, மனிதர்கள் குச்சி நட்டுத்தான் வளர்த்திருக்க வேண்டும் என்று 2006-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். மறுத்தவர்களும் உண்டு.

பூவரசும் முருங்கையும் போத்து வைத்துப் பழகிய நமக்கு இது பெரிய வித்தை இல்லை. ஆனால் முருங்கைப் போத்தை வேலியோரம் சொருகிவிட்டு மறந்துவிடுகிற மாதிரி இதை விட முடியாது. மழை ஓய்ந்து, மரம் இலை உதிர்த்து, புதுத்துளிர் வருவதற்கு முன்னால் தை, மாசியில் வெட்ட வேண்டும். போன வருடத்து முற்றிய கிளை, பென்சிலிலிருந்து சுண்டுவிரல் பருமன், ஒரு சாண் நீளம், மூன்று நான்கு கணு. கீழ்வெட்டு கணுவை ஒட்டி நேராக, மேல்வெட்டு சாய்வாக. அப்போதுதான் தலை எது கால் எது என்று குழப்பம் வராது. பால் கையில் பட்டு வெயிலும் பட்டால் தோல் கொப்பளிக்கும், உறை போட்டுக்கொள்வது நல்லது. வெட்டிய குச்சியைத் தண்ணீரில் நிறுத்தி, பால் வடிந்ததும் கழுவி எடுங்கள். வேர் பிடிக்கும் பொடி இருந்தால் அடிவெட்டில் தொட்டு வைக்கலாம், இல்லாவிட்டாலும் அத்தி வேர் விடும்.

நம் வண்டல் களிமண்ணை மட்டும் பைக்குள் போடாதீர்கள். தண்ணீரைப் பிடித்துவைத்துக் குச்சியை அழுகச் செய்துவிடும். ஆற்று மணலும் மக்கிய தென்னைநார்க் கழிவும் கலந்தால் போதும், எரு இப்போது வேண்டாம். கலவையை உள்ளங்கையில் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, உதிர்ந்துபோகவும் கூடாது. இரண்டு கணு உள்ளே போகும்படி நட்டு, மேலே ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து, வெயில் நேராக விழாத இடத்தில் வையுங்கள்.

இரண்டு வாரத்தில் பச்சையாக ஓர் இலை எட்டிப் பார்க்கும். பிடித்துக்கொண்டது என்று குஷியில் பையை எடுத்துவிட்டு வெயிலில் வைத்துக் குடம் குடமாக ஊற்றுகிறவர்கள்தான் அதிகம். அந்த இலை குச்சியில் சேர்ந்திருந்த உணவில் வந்தது, கீழே வேர் இன்னும் இல்லை. வேருக்கு நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். இழுத்துப் பார்த்தால் புது வேர் அறுந்துபோகும். பழைய தண்ணீர் பாட்டிலின் மேல்பாகத்தை வெட்டி, அடியில் ஓட்டை போட்டு அதில் நட்டால் வெள்ளை வேர் சுவரோரம் ஓடுவது வெளியிலிருந்தே தெரியும். வேர் வெளிச்சத்தை விரும்பாது, அதனால் மற்ற நேரத்தில் சுற்றிலும் ஒரு காகிதத்தைச் சுற்றி வையுங்கள். வேர் நன்றாகத் தெரிந்த பிறகு பையில் சிறு ஓட்டைகள் போட்டு, ஒரு வாரத்தில் மெல்ல மெல்லத் திறக்கலாம்.

தரையில் நடும்போது மேடு கட்டியே நட வேண்டும், தண்ணீர் தேங்கினால் தாங்காது. வேரில் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் நூற்புழு, அந்தக் கன்றை நடாமல் அழித்துவிடுவதே மேல். குழியில் வேப்பம் புண்ணாக்கு போடுவதும் சுற்றிலும் துலுக்கச் சாமந்தி வைப்பதும் நூற்புழுவைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும்.

குச்சியில் வந்த கன்று இரண்டாம் வருடமே காய் காட்டும். முதல் பழத்தை வைத்து ரகம் முடிவு செய்ய வேண்டாம், அடுத்த வருடத்துப் பழத்தையும் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். அதுவரை அட்டையில் ‘பிரௌன் டர்க்கி’ என்று ஊகத்தை எழுதிவைக்காதீர்கள். அங்கிருந்து அது இன்னும் நாலு வீட்டுக்கு உண்மையாகப் போய்ச் சேரும். எடுத்த தெரு, தேதி, பழத்தின் அடையாளம் இவை போதும். ‘கூறைநாடு, கொல்லை அத்தி, தை 2025, கண் மூடியது’ என்று எழுதினால் பின்னால் வருகிறவர் தேடிப் பிடிக்கலாம். ஒரு போத்தை உங்கள் வீட்டில் வைத்துக்கொண்டு, இன்னொன்றைத் தண்ணீர் தேங்காத மேட்டுத் தெருவில் இருக்கும் சொந்தக்காரரிடம் கொடுத்துவையுங்கள்.