இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்: 293318625600



ஜோகூர் தமிழ்ப்பள்ளிகளில் ஆறாம் ஆண்டை முடித்துப் படிவம் 1-க்குப் போகும் மாணவர்கள் தொடக்கத்திலேயே சந்திக்கும் பாடம் காரணிகளும் மடங்குகளும். மலாயில் 'நொம்போர் பெர்டானா' என்றதும் திகைக்க வேண்டாம். நாம் படித்த பகா எண்தான் அது. இந்தப் பாடத்தின் பலத்தை ஒரு பெரிய எண்ணை வைத்துப் பார்ப்போம், வாங்க.

293318625600. படித்தால் 293 பில்லியன் 318 மில்லியன் 625 ஆயிரத்து 600. இதற்கு எத்தனை காரணிகள்? ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தால் தேர்வு நேரம் போதாது. பகா எண்களாகப் பிரித்துவிட்டால் ஒரே வரிதான்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

காரணிகளை எண்ணும் வழி

முதலில் சின்ன எண். 12 = 2² × 3. ஒரு காரணியை உருவாக்க, 2-ஐ எடுக்காமல் விடலாம், ஒருமுறை எடுக்கலாம், இருமுறை எடுக்கலாம்: 3 வழிகள். 3-ஐ எடுக்கலாம் அல்லது விடலாம்: 2 வழிகள். 3 × 2 = 6. சரிபாருங்க: 1, 2, 3, 4, 6, 12.

ஆக, ஒவ்வோர் அடுக்குடனும் 1-ஐக் கூட்டிப் பெருக்கினால் போதும். நம் பெரிய எண்ணுக்கு:

7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040 காரணிகள்!

இதில் என்ன சிறப்பு?

இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் இல்லை. இப்படிப்பட்ட எண்ணை 'மிகு பகு எண்' என்று சொல்லிக்கொள்வோம். 6, 12, 60 ஆகியவையும் அந்த வகைதான். நம் எண்ணின் காரணி எண்ணிக்கையான 5040-உம் ஒரு மிகு பகு எண்ணே. அதற்கு 60 காரணிகள்.

அடுக்குகள் 6, 4, 2, 2, 1... என ஏறாமல் போவதைக் கவனித்தீர்களா? 2⁶ × 3⁴ = 5184. அடுக்குகளை மாற்றி 2⁴ × 3⁶ என்று எழுதினால் 11664. காரணிகளின் எண்ணிக்கை மாறாது. எண் மட்டும் வீணாகப் பெரிதாகும். அதனால்தான் சிறிய பகா எண்ணுக்குப் பெரிய அடுக்கு.

இவ்வகை எண்களை ஆராய்ந்து 1915-இல் நீண்ட கட்டுரை வெளியிட்டவர் கணிதமேதை இராமானுஜன். அந்த ஆய்வுக்காக 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியது. கணினி இல்லாத காலத்தில் 6746328388800 வரை 102 எண்களைப் பட்டியலிட்டார். அதில் விடுபட்டுப் போனது நாம் பார்த்த இந்த எண்தான்! மேதையின் பட்டியலையே சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்றால், தேர்வுத்தாளைக் கொடுக்கும் முன் நாம் ஒருமுறை சரிபார்க்க வேண்டாமா?

பயிற்சி (கால்குலேட்டர் வேண்டாம், பகா எண் வடிவம் போதும்)

1. 1-இலிருந்து வரிசையாக வகுத்தால், மீதம் வரும் முதல் எண் எது?
2. இந்த எண் ஒரு முழு வர்க்கமா?
3. முழு வர்க்கமாக்க, குறைந்தது எந்த எண்ணால் பெருக்க வேண்டும்?

விடைகள்

1. 23. அது பகா எண்; நம் வடிவத்தில் இல்லை. 1 முதல் 22 வரை எல்லாவற்றாலும் மீதமின்றி வகுபடும்.
2. இல்லை. 11, 13, 17, 19 ஆகியவற்றின் அடுக்கு 1. அது ஒற்றை எண்.
3. 11 × 13 × 17 × 19 = 46189.

ஆசிரியர்கள் 360, 720 போன்ற எண்களைக் கொடுத்து இதே கேள்விகளைக் கேட்கலாம். வழி பிடிபட்டுவிட்டால் எண்ணின் நீளம் மாணவர்களை மிரட்டாது.