பால் மாடு இருக்கிற வீடு: பிள்ளைகளுக்கு அது இன்னொரு பள்ளிக்கூடம்!

காலையில் கண் விழித்ததும் கைபேசியைத் தேடாமல் கன்றுக்குட்டியைத் தேடி ஓடுகிற பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை வளர்க்கிற குடும்பங்களின் மகிழ்ச்சியும் பாரமும் பற்றிப் பேசலாம், வாருங்கள்.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் வருகிறவர்களுக்கு, திருவாண்டார்கோயில் என்றதும் நினைவுக்கு வருவது தொழிற்சாலைகளும், ஷிப்ட் முடிந்து சாலையோரம் நிற்கிற ஆட்களும்தான். தேவாரப் பாடல் பெற்ற திருவடுகூர் இதுதான் என்பதே பலருக்குத் தெரியாது. நெடுஞ்சாலையை விட்டு உள்ளே இறங்கினால் காட்சி மாறிவிடும். நெல், கரும்பு, சவுக்கு. நடுநடுவே ஓலையோ தகரமோ வேய்ந்த மாட்டுக் கொட்டாய், பக்கத்தில் வைக்கோல் போர், வாசலில் கழுநீர்த் தொட்டி. ஒரு வயல் புதுச்சேரி, அதை ஒட்டிய வயல் விழுப்புரம் மாவட்டம் என்று எல்லைகள் பின்னிக் கிடக்கிற பகுதி இது. ஒரு வீட்டுப் பால் பாண்லேவுக்குப் போகும். கூப்பிடு தூரத்தில் இருக்கிற இன்னொரு வீட்டுப் பால் ஆவினுக்குப் போகும். மாட்டுக்கு மட்டும் எந்த எல்லையும் தெரியாது!

வெளிநாட்டுப் படங்களில் குதிரையும் மாட்டு மந்தையுமாக நூற்றுக்கணக்கான ஏக்கரில் ஒரு குடும்பம் வாழ்வதைக் காட்டுவார்கள். ‘ரான்ச்’ என்பார்கள். நம்மிடம் அத்தனை நிலம் இல்லை. ஆனால் மாட்டோடு சேர்த்துப் பிள்ளைகளை வளர்க்கிற வாழ்க்கை நமக்குப் புதிதல்ல. சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 90 அல்லது 96 ஆடுகளைத் தானமாகக் கொடுத்தார்கள். கல்வெட்டுகள் அவற்றை ‘சாவா மூவாப் பேராடு’ என்கின்றன. கிழடானதும் செத்ததும் போக, பிறக்கிற குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கை குறையாமல் மந்தையைக் காப்பது இடையர் குடும்பங்களின் பொறுப்பு. அப்பா விட்ட இடத்தில் பிள்ளை தொடர்ந்தால்தான் விளக்கு எரியும்.

நம்ம ஊர் ரான்ச், கொறங்காடு

தமிழ்நாட்டில் ரான்சுக்கு மிக நெருக்கமான ஒன்று உண்டென்றால், அது காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடு. மழை குறைந்த செம்மண் பூமி. கொழுக்கட்டைப் புல் முளைத்த மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி முள்கிளுவையை உயிர்வேலியாக நட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட பட்டிகளாகப் பிரித்திருப்பார்கள். நடுவே வெள்வேல மரங்கள். வெயிலுக்கு அதன் நிழல், கோடையில் புல் காய்ந்துபோனால் அதன் காய். ஒரு பட்டியில் புல் தீர்ந்தால் மாடுகளை அடுத்த பட்டிக்கு மாற்றுவார்கள். முதல் பட்டியில் புல் மறுபடி தலையெடுக்கும். ஆள் போட்டு நாளெல்லாம் மேய்க்கத் தேவையில்லை. காலையில் படலைத் திறந்து விட்டு, மாலையில் தண்ணீர் காட்டினால் போதும்.

காங்கேயம் மாட்டினம் செழித்தது இந்தப் புல்லில்தான். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இந்த இனத்தைத் தேர்ந்தெடுத்து வளர்த்தது. குட்டப்பாளையத்தில் உள்ள சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி மையம் இன்றும் இந்த இனத்துக்காக வேலை செய்கிறது. காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். சில மாதங்களில் அந்தச் சிவப்பு மறைந்து சாம்பல் படரத் தொடங்கும். ஒரு குழந்தைக்கு இதைவிட அதிசயமான பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

கொட்டாயில் நடக்கிற வகுப்புகள்

கொறங்காடு இல்லாவிட்டால் என்ன? இரண்டு மாடு கட்டிய கொட்டாயே போதும், பிள்ளைகள் கற்றுக்கொள்ள.

முதல் பாடம், பிறப்பு. சினைப்பட்ட மாடு ஏறக்குறைய 280 நாளில் கன்று ஈனும். மடி இறங்கி, மாடு நிலைகொள்ளாமல் எழுந்து எழுந்து படுத்தால் வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. கன்று விழுந்ததும் தாய் நக்கிக் கொடுப்பது, அது நான்கு காலையும் நிறுத்தத் தடுமாறுவது, தலையால் முட்டி முட்டி மடியைத் தேடுவது எல்லாவற்றையும் பிள்ளைகள் கதவோரம் நின்று பார்ப்பார்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கன்றுக்குச் சீம்பால் கொடுத்துவிட வேண்டும். நோயை எதிர்க்கிற சக்தி அதில்தான் இருக்கிறது. ‘கன்றுக்குப் போகத்தான் நமக்கு’ என்று பாட்டி சொல்வது பிள்ளைகளின் மனதில் நிற்கும். கன்று குடித்தது போக மிஞ்சிய சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு வேகவைத்து, தெருவே பங்கிட்டுத் தின்னும்.

இரண்டாவது பாடம், கணக்கு. சொசைட்டியில் பாலுக்கு லிட்டரை மட்டும் பார்த்து விலை போடுவதில்லை. கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு தவிர்த்த திடப்பொருள் எவ்வளவு என்று பார்த்துத்தான் போடுகிறார்கள். தீவனம் மாறினால் சீட்டில் எண் மாறும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தசம எண் ஏன் படிக்க வேண்டும் என்பது அங்கே புரிந்துவிடும்.

மூன்றாவது பாடம், காத்திருத்தல். பருவத்தைத் தவறவிட்டால் 21 நாள் கழித்துத்தான் மறுபடி வரும். கிடேரிக் கன்று பால் மாடாக இரண்டரை, மூன்று வருடம் ஆகும். பட்டனைத் தட்டினால் வந்துவிடுகிற விஷயம் எதுவும் கொட்டாயில் கிடையாது.

மண்ணும் சாணியும் மருந்தா?

‘சாணியில் கை வைக்காதே’ என்று அதட்டுகிற அம்மாக்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாய சமூகங்கள் இருக்கின்றன. இருவருக்கும் பூர்வீகம் ஏறக்குறைய ஒரே பகுதி. உணவும் வாழ்க்கை முறையும்கூடப் பெரும்பாலும் ஒன்றுதான். ஆமிஷ் குடும்பங்கள் வீட்டை ஒட்டியே மாடு வளர்க்கின்றன, குழந்தைகள் கொட்டாயில் விளையாடுகிறார்கள். ஹட்டரைட் பண்ணைகள் பெரியவை, இயந்திரமயமானவை. குழந்தைகள் அவற்றுக்குள் அதிகம் போவதில்லை. 2016-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான ஆய்வு இரு தரப்பிலும் 30 குழந்தைகளை எடுத்துக்கொண்டு ஒப்பிட்டது. ஆமிஷ் குழந்தைகளிடம் ஆஸ்துமா பல மடங்கு குறைவு. அவர்கள் வீட்டுத் தூசியில் இருந்த கிருமிகளின் எச்சங்கள், உடலின் எதிர்ப்பாற்றலைச் சின்ன வயதிலேயே பழக்கிவிடுகின்றன என்பது ஆய்வாளர்களின் கருத்து.

இதற்காக அழுக்கே ஆரோக்கியம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பச்சைப் பாலைக் காய்ச்சாமல் குடித்தால் புரூசெல்லா போன்ற நோய்கள் மனிதருக்கும் வரும். கொட்டாயை விட்டு வந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுவதும், காலில் செருப்பு போடுவதும், குடற்புழு மருந்து சாப்பிடுவதும் கட்டாயம்.

அந்த மகிழ்ச்சிக்கு விலை கொடுப்பது யார்?

இப்போது வீட்டுப் பெண்கள் பக்கம் வருவோம். விடியுமுன் எழுந்து சாணி அள்ளுவது, தண்ணீர் காட்டுவது, பால் பீச்சுவது, புல் அறுப்பது. அதன் பிறகு பிள்ளைக்குச் சோறு கட்டிப் பள்ளிக்கு அனுப்புவது. சாயங்காலம் மறுபடி முதலிலிருந்து. பல வீடுகளில் இந்த வேலை முழுவதும் ஒரே பெண்ணின் தலையில்தான். தம்பி கல்யாணமானாலும் முகூர்த்தம் முடிந்ததும் ஓடி வர வேண்டும். மாடு யாருக்காகவும் காத்திருக்காது. பிள்ளைகளுக்கு ஆனந்தமாக இருக்கிற அதே கொட்டாய், அம்மாவுக்குக் கால்கட்டாக மாறுவது இப்படித்தான்.

வருமானமும் மாதாமாதம் ஒரே சீராக வராது. கன்று ஈனுவதற்கு முன் இரண்டு மாதம் பால் வற்றவிட வேண்டும். அப்போதும் புண்ணாக்குக்கும் தவிட்டுக்கும் பணம் வேண்டும். மேய்ச்சலுக்கு இருந்த புறம்போக்கும் ஏரிக்கரையும் சுருங்கிவிட்டன. மனைப் பிரிவுகள் வந்துவிட்டன. நெடுஞ்சாலையில் மாட்டை ஓட்டிக் கடப்பதற்குள் உயிர் போய்த் திரும்புகிறது. ‘ரெண்டையும் வித்துட்டு கம்பெனி வேலைக்குப் போயிடலாமா?’ என்ற கேள்வி எழாத வீடு குறைவு. அப்படி விற்கிறவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

தொடர்வது என்று முடிவெடுக்கிற குடும்பங்கள் சில விஷயங்களை யோசிக்கலாம்:

• சொசைட்டி உறுப்பினர் அட்டையும், பால் பணம் வருகிற வங்கிக் கணக்கும் உழைக்கிற பெண்ணின் பெயரில் இருக்கட்டும்.

• இரண்டு மாடு இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் வற்றாதபடி சினைப்பருவத்தைத் தள்ளி அமைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வற்றும்போது மற்றது கறக்கும்.

• பத்து சென்ட் இடம் கிடைத்தாலும் கோ-4, கோ-5 போன்ற தீவனப் புல் நடுங்கள். புல் தேடி அலைகிற நேரமும் தீவனச் செலவும் குறையும்.

• நான்கைந்து மாடு இருந்தால் சாண எரிவாயுக் கலன் பற்றி விசாரியுங்கள். நாளொன்றுக்கு 50 கிலோ சாணம் இருந்தால் 2 கன மீட்டர் கலன் ஓடும். சிறு குடும்பத்தின் சமையலுக்குப் போதும்.

• கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒரு முறை இலவசமாகப் போடுகிறார்கள், தவறவிடாதீர்கள். சந்தேகம் எது வந்தாலும் கேட்க, குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன.

• மாதத்தில் ஒரு நாளாவது கணவரும் பிள்ளைகளும் கொட்டாயை முழுதாகப் பார்த்துக்கொள்ளட்டும். அன்று அம்மாவுக்கு விடுமுறை!

எவ்வளவு வேலை கொடுக்கலாம்?

14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள், ஆபத்தில்லாத குடும்ப வேலைகளில் பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் உதவலாம் என்கிறது 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம். படிப்பையும் விளையாட்டையும் விழுங்காத அளவுதான் உதவி. ஐந்து வயதில் கன்றுக்கு ஒரு பிடி புல் நீட்டலாம், அதுவும் பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது. பத்து வயதில் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ளலாம். பால் கணக்கு எழுதுவது அந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பெருமையான வேலை. மாட்டின் பின்பக்கம் போகக் கூடாது, புதிதாக ஈன்ற மாட்டின் அருகே தனியே போகக் கூடாது என்ற இரண்டு விதிகளுக்கு எந்த வயதிலும் விலக்கில்லை.

இன்னொன்று, மனசு சம்பந்தப்பட்டது. பெயர் வைத்துக் கொஞ்சிய காளைக்கன்றை ஒரு நாள் விற்க நேரும். பிள்ளை பள்ளிக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து ஓட்டி அனுப்பிவிட்டு, ‘மேய்ச்சலுக்குப் போயிருக்கு’ என்று சொல்கிற வழக்கம் உண்டு. வேண்டாம். ஏன் விற்கிறோம், அந்தப் பணம் எதற்குப் போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கழுத்தைக் கட்டிக்கொண்டு அழட்டும். வீட்டுக் கஷ்டத்தை நம்மிடம் மறைக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை அந்தப் பிள்ளைக்கு வரும். பின்னாளில் அதன் கஷ்டத்தையும் அது நம்மிடம் மறைக்காது.

தை பிறந்து மாட்டுப் பொங்கல் அன்று, கொம்புக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று அண்ணனும் தங்கையும் சண்டை போடுகிற வீடுகளைப் பாருங்கள். குளிப்பாட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, பலூன் கட்டி, முதல் கவளம் பொங்கலை மாட்டுக்கு ஊட்டுகிற வீடுகள் அவை. அந்தப் பிள்ளைகள் நாளை கம்பெனிக்குப் போகலாம், கல்லூரிக்குப் போகலாம், கடல் கடந்தும் போகலாம். தங்களுக்கு முன்னால் இன்னோர் உயிர் சாப்பிட வேண்டும் என்ற பழக்கத்தைக் கூடவே எடுத்துக்கொண்டு போவார்கள்.

உங்கள் வீட்டில் மாடு கட்ட இடமில்லையா? அடுத்த விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, மாடு இருக்கிற உறவினர் வீட்டுக்கு இரண்டு நாள் போய்வாருங்கள். திரும்பும்போது பிள்ளையின் சட்டையில் கன்று நக்கிய ஈரம் இருந்தால் திட்டாதீர்கள்!