கரிசல் புஞ்சையும் சூரிய மின்னாக்கமும்: அருப்புக்கோட்டை – திருச்சுழி வறண்ட நிலத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

புதுப்பிக்கத்தக்க மின்னாற்றலை நோக்கிய இந்தியாவின் மாற்றம் நிலத்தைச் சார்ந்தது. வறண்ட வட்டாரங்களில் அந்நிலம் ‘தரிசு’ என்னும் பெயரால் அடையாளப்படுத்தப்படுகின்றது. விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தையும் அதனை அடுத்த கமுதியையும் கொண்டு, இப்பெயரீடு கொள்கை நடைமுறையில் ஏற்படுத்தும் விளைவுகளை இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: சூரிய மின்னாற்றல், மானாவாரி, தரிசு, கண்மாய், நிலப் பயன்பாடு.

முன்னுரை

2010இல் தொடங்கப்பெற்ற தேசியச் சூரிய ஆற்றல் இயக்கம், 2022ஆம் ஆண்டிற்குள் 20,000 மெகாவாட் என்னும் இலக்கைக் கொண்டிருந்தது. 2015இல் அது 1,00,000 மெகாவாட்டாக உயர்த்தப்பட்டது. 2030இல் புதைபடிவமல்லாத மின்திறன் 5,00,000 மெகாவாட்டை எட்டும் என 2021 கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா அறிவித்தது. தமிழ்நாடு 2012ஆம் ஆண்டின் சூரிய ஆற்றல் கொள்கையில் 3,000 மெகாவாட்டையும், 2019ஆம் ஆண்டின் கொள்கையில் 9,000 மெகாவாட்டையும் இலக்காக வைத்தது. இவ்விலக்குகள் மெகாவாட்டில் கூறப்படுகின்றன. அவற்றை நிறைவேற்றுவதோ ஏக்கரில் நிகழ்கின்றது.

கமுதி தரும் அளவுகோல்

திருச்சுழியைக் கடந்து செல்லும் குண்டாறு அடுத்துச் சேர்வது கமுதிப் பகுதியாகும். அங்கு 2016 செப்டம்பரில் தொடங்கிவைக்கப்பெற்ற 648 மெகாவாட் சூரிய மின்நிலையம், ஓரிடத்தில் அமைந்தவற்றுள் அக்காலத்தில் உலகின் மிகப் பெரியதாகக் கருதப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 2,500 ஏக்கர். அதாவது மெகாவாட் ஒன்றுக்கு நான்கு ஏக்கர் அளவு. ஆண்டு முழுவதற்குமான பயன்பாட்டு விகிதத்தை 19 விழுக்காடு எனக் கொண்டால், ஒரு மெகாவாட் ஆண்டுக்குச் சுமார் 16.6 இலட்சம் யூனிட் மின்சாரம் தரும். மிகுந்த வெயில், சமதளம், குறைந்த நிலவிலை, உயரழுத்தத் துணைமின்நிலையம் ஆகிய நான்கும் ஒருங்கே அமையும்போது இத்தகைய முதலீடு வறண்ட நிலத்தை நாடுவது இயல்பே.

‘தரிசு’ என்னும் வகைப்பாடு

நிலப் பயன்பாட்டுப் புள்ளியியலில் ஓராண்டு பயிரிடப்படாதது நடப்புத் தரிசு. ஒன்று முதல் ஐந்தாண்டு வரை பயிரிடப்படாதது பிற தரிசு. வடகிழக்குப் பருவமழையை நம்பிய கரிசல் புஞ்சையில் பருத்தி, சோளம், மல்லி, பயறு வகைகள் விளைகின்றன. மழை பொய்த்தால் நிலம் தரிசாகும். மழை பெய்தால் மீண்டும் உழவுக்கு வரும். ஆகவே தரிசு என்பது நிலத்தின் நிலையான இயல்பன்று, மழையின் பதிவு.

விதைப்பில்லாத காலத்திலும் இந்நிலம் பயனற்றுக் கிடப்பதில்லை. ஆடுகள் மேய்கின்றன. சீமைக்கருவேலம் விறகாகிறது, மூட்டம் போட்டுக் கரியாக்கப்படுகின்றது. இவற்றைச் சார்ந்து வாழ்வோர் பலரிடம் அந்நிலத்திற்கான பட்டா இல்லை. விற்பனையின்போது விலை பட்டாதாரருக்குச் சேர்கின்றது. மேய்ச்சலை இழந்தவருக்கு அதில் பங்கில்லை.

மற்றொன்று நீர்வழி. கண்மாய்க்கு நீர் கொணரும் ஓடைகளும் வரத்துக்கால்களும் புஞ்சைகளின் ஊடே செல்கின்றன. நிலத்தைச் சமன்செய்து வேலியடைக்கும்போது இவை மறிக்கப்படின், பாதிப்பு வேலிக்கு வெளியே உள்ள ஆயக்கட்டைச் சேரும்.

பாதுகாப்பின் ஏற்றத்தாழ்வு

ஒளிமின்னழுத்த மின்நிலையங்களுக்கு, 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படியான முன் அனுமதி தேவையில்லை. புகையற்ற மின்னாக்கம் என்ற அளவில் இவ்விலக்கு பொருந்துவதே. எனினும் அவ்வனுமதியோடு இணைந்த பொதுமக்கள் கருத்துக்கேட்பும் இதனால் நீங்கிவிடுகின்றது. மேய்ச்சலையும் வரத்துக்காலையும் பற்றிப் பேசுவதற்குரிய முறையான களம் இல்லாமற் போகின்றது.

மின்னாக்குவோர் நிலை வேறு. கமுதி மின்சாரத்தின் ஒப்பந்த விலை யூனிட்டுக்கு 7.01 ரூபாய். 2017 மே மாதத்தில் இராசத்தானின் பட்லா ஏலத்தில் விலை 2.44 ரூபாயாக இறங்கியது. விலை இறங்குகையில் பழைய ஒப்பந்தங்கள் வாங்குவோர்க்குச் சுமையாகும். ஆயினும் மின்கட்டமைப்பின் பாதுகாப்பிற்கன்றி வணிகக் காரணத்திற்காகச் சூரிய மின்னாக்கத்தைக் குறைத்தல் கூடாது எனத் தமிழ்நாடு தொடர்பான வழக்கில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. முதலீட்டிற்கு ஒப்பந்தமும் தீர்ப்பாயமும் அரணாக உள்ளன. மேய்ச்சலுக்கும் நீர்வரத்துக்கும் அத்தகைய அரண் இல்லை.

மாற்றுவழி

2019இல் நடைமுறைக்கு வந்த பிரதமரின் குசும் திட்டத்தின் முதற்கூறு, 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையிலான நிலையங்களைத் துணைமின்நிலையத்திற்கு அருகே உழவர் நிலத்தில் அமைக்க வழிசெய்கின்றது. உழவர் தாமே அமைக்கலாம்; குத்தகைக்கும் விடலாம். பத்து ஏக்கருக்குட்பட்ட இத்தகைய நிலையம் ஓடைகளை விலக்கி இடம் தேர்வதற்கு எளியது. நிலவுரிமையும் உழவரிடமே நிற்கும். எனினும் பட்டா இல்லாதவருக்கு இதுவும் தீர்வாகாது.

முடிவுரை

நிலக்கரியைக் குறைக்க வேண்டியதன் தேவையை இக்கட்டுரை மறுக்கவில்லை. வெயிலே மூலதனமாகும் வாய்ப்பு இவ்வட்டாரத்திற்கு அரிதாக வாய்த்ததே. அவ்வாய்ப்பின் பயன் ஊரில் தங்குவதற்கு மூன்று நடவடிக்கைகள் தேவைப்படுகின்றன: பல ஆண்டு அடங்கல் பதிவுகளைக் கொண்டு தரிசை மதிப்பிடுதல், வேலியடைக்கும் முன் வரத்துக்கால்களை வரைபடமாக்குதல், பெரிய நிலையங்களுக்குக் கிராம சபையின் கருத்தைக் கட்டாயமாக்குதல். மின்னாற்றல் மாற்றத்தின் வெற்றியை மெகாவாட்டோடு, கண்மாய் பெருகும் அளவையும் கொண்டு மதிப்பிடும் ஆய்வுகள் இனி வேண்டப்படுகின்றன.