கோதுமை ஒத்துக்கொள்ளாத குடல்: சீலியாக் நோய் பற்றித் தம்பதிகள் அறிய வேண்டியவை



"நல்லாத்தான் சாப்பிடறா, ஆனா உடம்புல ஒட்ட மாட்டேங்குது" என்று சொல்வதை நம் கிராமங்களில் அடிக்கடி கேட்கிறோம். இதற்குக் குடற்புழு, போதாத உணவு, காசநோய், அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு என்று பல காரணங்கள் உண்டு. அவற்றைப் பற்றி நீங்கள் அறிந்திருப்பீர்கள். அதிகம் பேர் அறியாத மற்றொரு காரணமும் உண்டு. அதற்குச் சீலியாக் நோய் என்று பெயர். குழந்தையின் வளர்ச்சி, தாயின் இரத்தம், தம்பதியரின் பிள்ளைப்பேறு ஆகிய மூன்றையும் இது தாக்கக்கூடும். சரியாகக் கண்டறிந்துவிட்டால் உணவை மாற்றியே இதை அடக்கிவிடலாம்.

குளூட்டன் என்பது என்ன?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற ஒரு வகைப் புரதம் இருக்கிறது. பரோட்டா மாஸ்டர் மைதா மாவை வீசி விரிக்கும்போது மாவு கிழியாமல் துணி போல் நீள்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இழுவைத் தன்மையைத் தருவது குளூட்டன்தான். அரிசி மாவையோ கேழ்வரகு மாவையோ அப்படி வீச முடியாது. அவற்றில் இந்தப் புரதம் கிடையாது.

பெரும்பாலோருக்குக் குளூட்டன் எந்தத் தீங்கும் செய்வதில்லை. பிறவியிலேயே ஒரு வகை உடல்வாகு அமைந்த சிலருக்கு மட்டும், நோயை எதிர்க்க வேண்டிய உடம்பின் சக்தி குளூட்டனைக் கண்டதும் தன் சொந்தக் குடலையே தாக்குகிறது.

குடலில் நடப்பது

நம் சிறுகுடலின் உட்புறம் வழவழப்பான குழாய் அல்ல. நாற்றங்காலில் நெருக்கமாக நிற்கும் நாற்றுகளைப் போல், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய விரல்கள் அங்கே இலட்சக்கணக்கில் நிற்கின்றன. இவற்றைக் குடலுறிஞ்சிகள் என்பர். சாப்பாட்டின் சத்தை உறிஞ்சி இரத்தத்தில் சேர்ப்பது இவற்றின் வேலை. சீலியாக் நோயில் இந்த நாற்றுகள் ஆடு மேய்ந்த வயல் போல் மொட்டையாகிவிடுகின்றன. பிறகு என்ன சாப்பிட்டாலும் இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின்கள் முதலியவை உடம்பில் சேராமல் வெளியேறுகின்றன.

காரணம் தெரிந்த விதம்

1888-ஆம் ஆண்டில் லண்டனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் ஜீ இந்நோயைப் பற்றித் தெளிவாக எழுதினார். குணமாக வழியிருந்தால் அது உணவு மூலமாகத்தான் என்றும் சொன்னார். ஆனால் எந்த உணவு குற்றவாளி என்பது அவருக்குத் தெரியவில்லை. அதைக் காட்டியவர் நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. ரொட்டியின் மேல் அவருக்கு 1930-களிலேயே சந்தேகம் இருந்தது. போர்க்காலத்தில், 1944-45 குளிர்காலத்தில், அந்நாட்டில் கடும் பஞ்சம் வந்து ரொட்டி கிடைக்காமல் போயிற்று. ஊரெல்லாம் மெலிந்த அந்தக் காலத்தில் இந்நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பியது. 1950-இல் அவர் தம் ஆய்வை வெளியிட்டார்.

நம் பக்கத்திலும் உண்டா?

உண்டு, ஆனால் குறைவு. நம் நாட்டில் மூன்று பகுதிகளில் பெரியவர்களிடம் நடத்தி 2016-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், இந்நோய்க்கான எதிர்ப்பொருள் இரத்தத்தில் வடக்கே நூற்றுக்கு 1.23 பேருக்கும், வடகிழக்கில் 0.87 பேருக்கும், தெற்கே 0.10 பேருக்கும் இருந்தது. அதாவது நம் பக்கத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு. இந்நோய்க்கு இடம்கொடுக்கும் பிறவி அமைப்பு மூன்று பகுதிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தது. வடக்கே கோதுமை மிக அதிகமாக உண்ணப்படுகிறது. நாம் சோறு உண்கிறோம். வித்தியாசத்துக்கு இது ஒரு முக்கிய காரணம்.

ஆனால் நம் சாப்பாடும் மாறி வருகிறது. இராத்திரியில் சப்பாத்தி, கடையில் பரோட்டா, காலையில் ரவை உப்புமா, டீயோடு பிஸ்கட் என்று கோதுமை வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. இராணுவத்திலோ வேறு வேலையிலோ வடக்கே குடியிருக்கும் நம்மவர்கள் தினமும் கோதுமை உண்கிறார்கள். ஆகவே "அது வடநாட்டு வியாதி" என்று ஒதுக்குவது சரியல்ல. அதே சமயம், வயிற்றுப்போக்கு எல்லாம் சீலியாக் நோய் என்று பயப்படுவதும் சரியல்ல. புழுவும், குடல் காசநோயும், மற்றத் தொற்றுகளும் இதே போல் தோன்றும். பிரித்தறிவது டாக்டரின் வேலை.

அறிகுறிகள்

குழந்தைகளிடம்: அடிக்கடி வயிற்றுப்போக்கு, வெளுத்து, நாற்றமடித்து, நிறையப் போகும் மலம், உப்பிய வயிறு, மெலிந்த கை கால், வயதுக்கேற்ற உயரமின்மை, சிடுசிடுப்பு, பருவமடைவதில் தாமதம். கோதுமை உணவு கொடுக்கத் தொடங்கியபின் இவை மெல்லத் தலைகாட்டும்.

பெரியவர்களிடம்: வயிற்றுப்போக்கு இல்லாமலே நோய் இருக்கலாம். இதைக் குறிப்பாக நினைவில் வையுங்கள். இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறாத இரத்தசோகை, ஓயாத அசதி, எலும்பு வலி, இலேசாக விழுந்தாலும் எலும்பு முறிதல், வாயில் திரும்பத் திரும்ப வரும் புண், முழங்கை, முழங்கால், புட்டம் ஆகிய இடங்களில் அரிப்போடு கிளம்பும் கொப்புளம் ஆகியவை இதன் அடையாளங்களாக இருக்கக்கூடும்.

பிள்ளைப்பேறும் இந்நோயும்

இப்படி ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். கணவருக்கு ஹரியானாவில் வேலை. மனைவியும் அங்கேயே இருக்கிறாள். மூன்று வேளையும் சப்பாத்தி. இரண்டு முறை கரு கலைந்துவிட்டது. இரத்தம் ஏறவில்லை. ஊருக்கு வந்தால் மாமியார், "நாலு வருஷமாச்சு, இவ உடம்புல ஏதோ கோளாறு" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரி தோஷம் என்கிறாள். மனைவியோ யாரிடமும் சொல்லாமல் அழுகிறாள். கணவர் என்ன செய்வது என்று தெரியாமல் வாய் மூடி இருக்கிறார். இந்த வீட்டில் தேவைப்படுவது பரிகாரம் அல்ல, பரிசோதனை.

கருத்தரிக்கத் தாமதம், திரும்பத் திரும்பக் கருச்சிதைவு, எடை குறைந்த குழந்தை பிறத்தல் ஆகியவற்றுக்குப் பல காரணங்கள் உண்டு. கண்டுபிடிக்கப்படாத சீலியாக் நோய் அவற்றில் ஒன்று. வேறு காரணம் தெரியாதபோது, அதிலும் இரத்தசோகை விடாமல் இருக்கும்போது, இதையும் சோதிக்கும்படி டாக்டரிடம் கேட்பது நியாயம். நோய் இருப்பது தெரிந்து உணவை மாற்றிக்கொண்ட பெண்கள் பலர் ஆரோக்கியமான குழந்தையைப் பெற்றிருக்கிறார்கள். பரிசோதனைக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்தே போக வேண்டும். குழந்தை இல்லாமைக்குக் காரணம் ஆணிடத்திலும் இருக்கலாம்.

நோய் கண்டறிந்த பெண், உடம்பு தேறி இரத்தம் ஏறும்வரை அடுத்த கர்ப்பத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. கடும் வயிற்றுப்போக்கு உள்ள நாட்களில் கருத்தடை மாத்திரை சரியாக உடம்பில் சேராமல் போகலாம்; அப்போது கணவர் ஆணுறை உபயோகிக்க வேண்டும். காப்பர்-டி சிலருக்கு மாதவிடாய்ப் போக்கை அதிகப்படுத்தும். எனவே இரத்தசோகை உள்ளவர்கள் டாக்டரைக் கலந்துகொண்டு முறையைத் தேர்ந்தெடுங்கள்.

பரிசோதனை

முதலில் இரத்தப் பரிசோதனை. டிரான்ஸ்குளூட்டாமினேஸ் என்பதற்கு எதிராக உடம்பில் உண்டாகும் எதிர்ப்பொருளை அதில் அளக்கிறார்கள். சிலருக்கு அந்த வகை எதிர்ப்பொருளே உடம்பில் குறைவாக இருக்கும் என்பதால் அதையும் சேர்த்துப் பார்ப்பார்கள். சந்தேகம் உறுதிப்பட்டால், வாய் வழியாக எண்டாஸ்கோப்பிக் குழாயைச் செலுத்திச் சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து சில சிறு துணுக்குகளை எடுத்துச் சோதிப்பார்கள். இது ஆபரேஷன் அல்ல, பயப்பட வேண்டியதில்லை. எதிர்ப்பொருள் மிக அதிகமாக உள்ள குழந்தைகள் சிலருக்குத் துணுக்கு எடுக்காமலே டாக்டர் முடிவு செய்வதும் உண்டு.

முக்கியமான எச்சரிக்கை: பரிசோதனைக்கு முன் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் குடல் ஆறத் தொடங்கி, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒருவருக்கு நோய் இருந்தால் அவருடைய பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் ஆகியோரும் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். அவர்களில் பத்தில் ஒருவருக்கு வரையில் இது இருக்கக்கூடும்.

மருந்து உணவிலேயே இருக்கிறது

குளூட்டனை வாழ்நாள் முழுதும் விலக்குவதே சிகிச்சை. நம் பக்கத்து மக்களுக்கு இது கடினமானதல்ல.

சாப்பிடலாம்: சோறு, இட்லி, தோசை, இடியாப்பம், ஆப்பம், புட்டு, கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், சோளம், மக்காச்சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பருப்பு, பயறு, காய்கறி, கீரை, பழம், பால், முட்டை, மீன், இறைச்சி.

கூடாது: சப்பாத்தி, பூரி, பரோட்டா, ரவை உப்புமா, கேசரி, ரவா தோசை, சேமியா, கோதுமைக் கஞ்சி, கோதுமை அல்வா, ஜிலேபி, சமோசா, ரொட்டி, பன், பிஸ்கட், கேக், நூடுல்ஸ், மால்ட் சேர்த்த பானங்கள், பீர்.

மறைந்து வரும் கோதுமையைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும்.

1. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதா அல்லது கோதுமை மாவு கலப்பது வழக்கம். டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்.
2. பல சத்துமாவு வகைகளில் கோதுமை இருக்கும். அங்கன்வாடி பணியாளரிடம் கேட்டுவிட்டுக் குழந்தைக்குக் கொடுங்கள்.
3. கர்ப்பிணிக்குக் கால் வீங்கினால் பார்லிக் கஞ்சி கொடுப்பது நம் வழக்கம். இந்நோயுள்ள கர்ப்பிணிக்கு அது ஆகாது. கால் வீக்கத்துக்கு இரத்த அழுத்தத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.
4. மாவு மில்லில் கோதுமை அரைத்த கையோடு கேழ்வரகு அரைத்தால் கோதுமை மாவு அதில் கலந்துவிடும். வீட்டிலேயே அரைத்துக்கொள்வது உத்தமம்.
5. சப்பாத்தி சுட்ட கல்லில் அப்படியே தோசை வார்க்காதீர்கள். முடிந்தால் தனிக் கல் வைத்துக்கொள்ளுங்கள். மைதா பலகாரம் பொரித்த எண்ணெயும் கூடாது.
6. பிரசாதமாக வரும் ரவைக் கேசரியும், தேவாலயத்து நற்கருணை அப்பமும் கோதுமையில் செய்தவை. பூசாரியிடமோ பங்குத்தந்தையிடமோ விஷயத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

பொட்டலத்தில் "குளூட்டன் இல்லாதது" என்று அச்சிட்டு விற்க வேண்டுமானால், நம் நாட்டு விதிப்படி ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது. ஆனால் விலை அதிகமான அந்தப் பொட்டலங்களை நம்பியிருக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

உணவை மாற்றிய சில வாரங்களிலேயே பசியும் தெம்பும் வரும். குடல் முழுதும் ஆற மாதக்கணக்காகும். பெரியவர்களுக்கு ஓரிரு வருடம்கூட ஆகலாம். அதுவரை டாக்டர் தரும் இரும்பு, ஃபோலிக் அமிலம், சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளை விடாமல் சாப்பிட வேண்டும். ஆரம்பத்தில் சிலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. குடல் ஆறியபின் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கூட வரும் நோய்கள்

இன்சுலின் ஊசி தேவைப்படும் முதல் வகைச் சர்க்கரை நோய், தைராய்டுக் கோளாறு, டவுன் நோய்க்குறி ஆகியவை உள்ளவர்களிடம் சீலியாக் நோய் மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகிறது. சர்க்கரை என்றாலே "சோத்தை விடு, சப்பாத்தி சாப்பிடு" என்று எல்லோரும் சொல்வார்கள். இரண்டு நோயும் உள்ள பிள்ளைக்கு அந்த யோசனை தீங்காக முடியும். உணவை அலட்சியம் செய்தால் எலும்பு தேய்வதோடு, அபூர்வமாகச் சிலருக்குக் குடலில் புற்றுநோயும் வரக்கூடும்.

கேள்வி பதில்

கேள்வி: இது தொற்று நோயா?
பதில்: இல்லை. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், கூடி வாழ்ந்தாலும் ஒட்டாது.

கேள்வி: உடம்பு தேறிய பிறகு விசேஷ நாளில் ஒரு பூரி சாப்பிடலாமா?
பதில்: கூடாது. அன்று ஒன்றும் தெரியாமல் போகலாம். ஆனால் உள்ளே குடல் மறுபடி புண்படும்.

கேள்வி: தாய்க்கு நோய் இருந்தால் தாய்ப்பால் கொடுக்கலாமா?
பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். தாய்ப்பால் குழந்தைக்கு நல்லதே செய்யும்.

கேள்வி: வீட்டில் எல்லோரும் கோதுமையை விட வேண்டுமா?
பதில்: தேவையில்லை. ஆனால் இராத்திரிச் சமையலை எல்லோருக்கும் இட்லி, தோசை என்று ஒன்றாக வைத்துக்கொண்டால் சமைப்பவருக்கும் வேலை குறையும். நோயாளிக்கும் தாம் தனி என்ற எண்ணம் வராது.

தம்பதிகளே! வளராத பிள்ளையைச் "சவலை" என்று விட்டுவிடாதீர்கள். இரத்தம் ஏறாத மனைவியைச் "சோம்பேறி" என்று சொல்லாதீர்கள். கரு தங்காத பெண்ணைப் பழிக்காதீர்கள். மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டும் இரத்தசோகை மாறவில்லையென்றால் உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரைப் பாருங்கள். மேல் பரிசோதனை தேவையானால் பெரிய மருத்துவமனைக்கு அவர் சீட்டு எழுதித் தருவார். அந்தச் சீட்டோடு இருவருமாகப் புறப்படுங்கள்.