கடல் கடந்த நெல்லூர் மாடு

நெல்லூர் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது அரிசி. பிரேஸில் தேசத்துப் பண்ணைக்காரருக்கோ அது மாட்டின் பெயர். அவர்கள் 'நெலோரே' என்று அழைக்கும் அந்த வெள்ளை மாடு நம் ஓங்கோல் மாடேயாகும். 1904-ஆம் ஆண்டு வரையில் ஓங்கோல், நெல்லூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. ஆகவே ஜில்லாவின் பெயரே அங்கே நிலைத்துவிட்டது.

1878-இல் லெம்க்ரூபர் என்னும் பிரேஸில் பண்ணைக்காரர், ஜெர்மனியில் ஹாம்பர்க் மிருகக்காட்சிசாலையில் இந்த ஜாதி மாடுகளில் ஒரு ஜோடியைக் கண்டு விலைக்கு வாங்கினார். நம் உழவனின் செல்வம் மிருகக்காட்சிசாலையில் நின்றதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, சற்று வெட்கமும் உண்டாகிறது. அந்த ஜோடியில் தொடங்கிய மந்தையை அவருடைய குடும்பத்தார் பிற இரத்தம் கலவாமல் தலைமுறை தலைமுறையாக வளர்த்தனர். அந்தக் கிளை இன்றும் அக்குடும்பத்தின் பெயராலேயே வழங்குகிறது.

ஐரோப்பிய மாடுகள் பிரேஸிலின் வெயிலிலும் உண்ணித் தொல்லையிலும் வாடின. ஓங்கோல் மாட்டுக்கோ வெண்மயிரின் கீழே கரிய தோல். காய்ந்த புல்லே போதும். கன்று சிறிதாகப் பிறப்பதால் ஈற்று எளிது. பரந்த மேய்ச்சல் நிலத்தில், ஆள் துணையின்றியே கன்று எழுந்து மடியைத் தேடிக்கொள்ளும்.

அங்கே இம்மாட்டை வளர்ப்பது உழவுக்கன்று, இறைச்சிக்காக. நம் நேயர்களில் சிலருக்கு இது மனவருத்தம் தரலாம். ஆயினும் உண்மையை மறைப்பதற்கில்லை.

1938-இல் அவர்கள் வம்சாவளிப் பதிவேடு தொடங்கினர். தாய் தந்தை யார் என்பதை எழுதி, கன்றுக்கு எண் சூடிட்டு, பரிசோதகர் வந்து பார்த்து, லட்சணம் குறைந்ததைத் தள்ளிவிடுவர். நம்மிடையே ஜாதகம் மனிதருக்கு மட்டுந்தான்! இந்த ஏட்டினால் வேறொரு பயனும் உண்டு. இந்தியாவிலிருந்து அங்கே சென்ற எல்லா ஜாதி மாடுகளும் சேர்ந்து 7,000-க்கும் குறைவே. 1960-களின் தொடக்கத்தில் ஓங்கோலுக்கு அருகிலுள்ள கரவதி கிராமத்திலிருந்து போன ஒரு காளையின் இரத்தம் மட்டும் எண்ணற்ற மந்தைகளில் ஓடுகிறது. நெருங்கிய உறவில் இணை சேர்த்தால் வம்சம் நலியும். எது எதற்கு உறவு என்று ஏடுதான் சொல்ல வேண்டும்.

2023-இல் 'வியாட்டினா-19' என்ற நெலோரே பசுவின் மதிப்பு 40 லட்சம் டாலரைத் தாண்டியது.

தாயகத்தில் டிராக்டர் வந்தது, பாலுக்கு எருமை வந்தது, ஏர்க்காளை விலைபோயிற்று. குண்டூருக்கு அருகே லாம் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு மந்தையைக் காத்து வருகின்றனர். கல் இழுக்கும் பந்தயத்துக்காகக் காளை வளர்க்கும் குடும்பங்களும் அந்தச் சீமையில் உண்டு. தம் காளையின் பாட்டன் எந்த வீட்டுத் தொழுவத்தில் நின்றது என்பதை அவ்வீட்டு முதியவர்களைக் கேட்டு, இப்போதே எழுதி வைத்துக்கொள்ளலாம்.