காற்றை நிறுத்தி வைக்கும் பல்

அருப்புக்கோட்டையில் பங்குனிப் பொங்கல் நடக்கும்போதும், திருச்சுழியில் திருமேனிநாதர் கோயில் விழாக் கூடும்போதும், ராட்டினத்துக்கும் வளையல் கடைக்கும் நடுவே, வண்ணப் பலூன்களை வரிசையாகக் கட்டிய பலகையை நிறுத்தி, அதற்கெதிரே காற்றுத் துப்பாக்கி ஒன்றை வைத்துக்கொண்டு ஒருவர் கூவி அழைப்பது நம் கரிசல் சீமைக்குப் பழகிய காட்சி. சிறுவரும் தொடுவதால் அது விளையாட்டுச் சாமானாகவே கருதப்படுகிறது. அதன் விசைப்பகுதியின் சூட்சுமத்தை அறிந்தவர்களோ அவ்வளவு அலட்சியமாக இருப்பதில்லை.

குழலை மடக்கினால் உள்ளேயுள்ள பிஸ்டன் பின்னுக்குச் சென்று வலுவான ஸ்பிரிங்கை நசுக்குகிறது. அந்நிலையில் ஓர் எஃகுப் பல் பிஸ்டனின் வெட்டில் விழுந்து பிடித்துக்கொள்கிறது. விரல் விசையை இழுத்ததும் பல் விலக, பிஸ்டன் முன்னோக்கிப் பாய்ந்து காற்றைக் கணத்தில் அழுத்த, அக்காற்றே ஈய ரவையை உந்துகிறது. ஆகவே, சேர்த்து வைத்த சக்தி முழுவதும், விசை இழுபடும் வரையில், மிகக் குறுகிய ஒரு விளிம்பின்மீதே தங்கி நிற்கிறது.

இதே தத்துவத்தை இன்னும் கடுமையான நிலையில் காண வேண்டுமானால், கடலுக்குள் மூழ்கி மீன் வேட்டையாடுவோர் பிரயோகிக்கும் காற்று ஈட்டித் துப்பாக்கியைப் பார்க்கலாம். அதில் ஸ்பிரிங்கின் ஸ்தானத்தில், பம்பினால் ஏற்றிய காற்று, வளிமண்டலத்தைப் போல் சுமார் 20 மடங்கு அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. 13 மில்லிமீட்டர் குழலில் ஓடும் பிஸ்டனை அது ஏறக்குறைய 26 கிலோ எடைக்குச் சமமான பலத்தோடு தள்ளுகிறது. ஈட்டியை உள்ளே செலுத்தச் செலுத்தக் காற்றின் இடம் குறுகுவதால், ராபர்ட் பாயில் 1662-இல் வெளியிட்ட விதிப்படி, அப்பலம் மேலும் கூடுகிறது. இவ்வளவையும் தாங்குவது பிஸ்டனின் வாலைக் கவ்விய ஒரு பல். அதை வெளியேயுள்ள விசையோடு இணைக்கும் ஊசி, காற்றுக் கசியாதபடி சிறு ரப்பர் வளையத்தின் ஊடே அசைகிறது. ஈட்டியைக் கழற்றி, காற்று முழுவதையும் வெளியேற்றிய பிறகே இதைப் பிரிக்க வேண்டும். பல்லின் விளிம்பையும் ஊசியின் வழவழப்பையும் பார்த்து, கீறல் விழுந்த வளையத்தை மாற்றி, நன்னீரில் கழுவி உலர்த்த வேண்டும்.

கடலில் உப்பும் மணலும் விளைவிக்கும் சேதத்தை, வானம் பார்த்த நம் பூமியில் பலூன் கடைத் துப்பாக்கிக்குப் புழுதியும் வறட்சியும் விளைவிக்கின்றன. புழுதியில் கலந்துள்ள படிகக்கல் துகள் சாதாரண எஃகைவிடக் கடினமானது. தாராளமாக விட்ட எண்ணெயில் அது ஒட்டிக்கொண்டால் சாணைப்பொடியாகிப் பல்லின் விளிம்பை மழுக்கிவிடும். உஷ்ணத்திலோ பிஸ்டனின் தோல் வாஷர், சைக்கிள் பம்பின் வாஷரைப் போலவே, காய்ந்து சுருங்குகிறது. அதற்கு அஞ்சி எண்ணெயை மிகுதியாக ஊற்றினாலும் அபாயம்: சடுதியில் அழுத்தப்பட்ட காற்றில் எழும் சூடு, கிணற்றடி டீசல் எஞ்சினில் நிகழ்வதுபோல, அவ்வெண்ணெயைப் பற்றவைத்துவிடக்கூடும்.

விழாவுக்கு முன் துப்பாக்கியைப் பிரித்துச் சோதிப்பதைப் பழகிய மெக்கானிக்கிடமே ஒப்படைக்க வேண்டும். ஏனெனில், சுடும் நிலையில் இல்லாதபோதும் ஸ்பிரிங் ஓரளவு நசுங்கியே இருப்பதால், பின்மூடியைத் திறந்ததும் அது சீறிப் பாயும். அவர் பல்லின் விளிம்பையும் வெட்டையும் பூதக்கண்ணாடியால் பார்த்து, உருண்டு போயிருந்தால் அரத்தால் ராவித் தீட்டாமல் புதிய பாகத்தையே மாற்ற வேண்டும். ராவினால், தேய்மானத்தைத் தாங்குவதற்கென்றே கெட்டிப்படுத்திய மேற்பரப்பு போய்விடும். கடைக்காரரோ ரவையிடும்போது மடக்கிய குழலை ஒரு கையால் இறுகப் பற்றியிருக்க வேண்டும். பல் வழுக்கினால் குழல் எகிறி விரலை நசுக்கும்.

வாஷர் கெட்டால் ரவை தூரம் போகாது. ஸ்பிரிங் தளர்ந்தால் பலூன் உடையாது. இவ்விரண்டும் தம் குறையைத் தாமே அறிவித்துவிடுகின்றன. பல் தேய்ந்த துப்பாக்கியோ முன்போலவே நன்றாகச் சுடும். விசை மட்டும் நாளுக்கு நாள் லேசாகும். 'இழுக்க எவ்வளவு இலகுவாக இருக்கிறது!' என்று வாடிக்கைக்காரர் மெச்சத் தொடங்கும் அந்நாளிலேயே, அத்துப்பாக்கியைக் கடையிலிருந்து எடுத்துவிடுவது விவேகம்.